சாம்பிராணியும் தாளிப்பும் உள்ள வீட்டில் புகை எச்சரிக்கைக் கருவி: மூன்றாண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

சிங்கப்பூரில், ஈசூன் வட்டாரத்தில் உள்ள எங்கள் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் கூரையில் புகை எச்சரிக்கைக் கருவியைப் பொருத்தி மூன்றாண்டுகள் நிறைவடைந்துவிட்டன. வாங்கிய வாரத்திலேயே இதைப் பற்றி எழுதியிருக்கலாம். ஆனால் பத்தாண்டு காலம் கூரையில் ஒட்டிக்கொண்டு, ஒரே ஒரு இரவு வேலை செய்வதற்காகக் காத்திருக்கும் பொருளை ஒரு வாரத்தில் எடைபோட முடியாது என்று எண்ணிக் காத்திருந்தேன். இப்போது எழுதுவதற்குப் போதிய அனுபவம் சேர்ந்துவிட்டது.

முதலில் என் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். இதற்கு முன் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டிலும் இப்படி ஒரு கருவி இருந்தது. நாங்கள் குடிபோனபோது அது கூரையில் இல்லை. சமையலறை இழுப்பறையில், பேட்டரி கழற்றப்பட்ட நிலையில், பழைய சாவிகளோடு கிடந்தது. முன்பு குடியிருந்தவர்கள் அதன் அலறலைப் பொறுக்க முடியாமல் கழற்றியிருப்பார்கள் என்பது சொல்லாமலே விளங்கியது. அமெரிக்காவின் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் திரட்டும் கணக்குகளின்படி, அந்நாட்டில் வீட்டுத் தீயில் இறப்போரில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பேர், எச்சரிக்கைக் கருவியே இல்லாத வீடுகளிலோ கருவி இருந்தும் வேலை செய்யாத வீடுகளிலோ இறக்கிறார்கள். வேலை செய்யாமல் போவதற்கு முதன்மையான காரணம் பழுது அன்று, பேட்டரியை எடுத்துவிடுவதுதான். எனவே வெள்ளிக்கிழமைதோறும் சாம்பிராணி போடும், நாள்தோறும் கடுகும் காய்ந்த மிளகாயும் தாளிக்கும் ஒரு தமிழ்க் குடும்பம், இந்தக் கருவியைக் கழற்றி வைக்காமல் ஆண்டுக்கணக்கில் வைத்துக்கொள்ள முடியுமா என்பதே நான் கேட்டுக்கொண்ட கேள்வி. விலையும் தோற்றமும் அதற்குப் பிறகுதான்.

சிங்கப்பூரில் 2018 ஜூன் 1 முதல், புதிதாகக் கட்டப்படும் வீடுகள் எல்லாவற்றிலும், தீப்பாதுகாப்பு தொடர்பான மாற்றப் பணிகள் நடக்கும் பழைய வீடுகளிலும் இக்கருவியைப் பொருத்துவதை, தீயணைப்புக்குப் பொறுப்பான குடிமைத் தற்காப்புப் படை கட்டாயமாக்கியது. எங்களுடையது மறுவிற்பனையில் வாங்கிய வீடு என்பதால் சட்டக் கட்டாயம் எதுவும் இல்லை. ஆனாலும் 2021இல் குடிபுகும் முன்பே வாங்கிவிட வேண்டும் என்று நானும் கணவரும் முடிவு செய்ததற்குக் காரணம் உண்டு. முந்தைய வீட்டில் இருந்தபோது, எங்களுக்கு இரண்டு மாடி கீழே, இரவில் மின்னூட்டத்துக்குப் போட்டிருந்த மின்ஸ்கூட்டரின் பேட்டரி எரிந்தது. அந்த வீட்டில் யாருக்கும் காயமில்லை. ஆனால் மின்தூக்கி அருகே நின்று நாங்கள் பார்த்தபோது நெருப்பு கண்ணில் படவே இல்லை. கறுத்த, தடித்த, பிளாஸ்டிக் நாற்றமடித்த புகைதான் கதவின் மேல் விளிம்பில் தொடங்கி நடைபாதையின் கூரையை ஒட்டியே நகர்ந்து வந்தது. உறக்கத்தில் இருப்பவரை முதலில் வந்தடைவது புகைதான் என்பதை அன்று கண்ணால் கண்டேன். தூங்கும்போது மூக்கு நம்மை எழுப்பாது. காது மட்டுமே எழுப்பும்.

கருவியின் நிறுவனப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. பெயரைவிட முக்கியமானது பெட்டியின் மேல் அச்சிடப்பட்டிருக்க வேண்டிய ஓர் எண்: இ.என். 14604. வீட்டுப் புகை எச்சரிக்கைக் கருவிகளுக்கான ஐரோப்பியத் தரம் அது. சிங்கப்பூரிலும் அந்தத் தரமே அடிப்படை. அந்த எண் இல்லாத மலிவான கருவிகள் இணையச் சந்தைகளில் பத்து வெள்ளிக்கும் (சிங்கப்பூர் டாலர்) கிடைக்கின்றன. அவற்றை வாங்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். நாங்கள் வாங்கியது நாற்பது வெள்ளிக்குச் சற்றுக் குறைந்த விலையில், பத்தாண்டு லித்தியம் பேட்டரி உள்ளேயே அடைக்கப்பட்ட ஒளிவழிக் கருவி.

ஒளிவழி என்பதைச் சற்று விளக்க வேண்டும், ஏனெனில் நம் சமையலறைகளுக்கு இந்த வேறுபாடு பெரிது. இக்கருவியின் உள்ளே ஓர் இருட்டறை இருக்கிறது. காற்றும் புகையும் நுழையலாம், வெளிச்சம் நுழையாதபடி வளைந்து நெளிந்த தடுப்புகள் அதைச் சுற்றி நிற்கும். அறைக்குள் ஓர் அகச்சிவப்பு விளக்கு விட்டுவிட்டு ஒளிர்கிறது. எதிரே நேராக அல்லாமல் கோணம் விலகி ஓர் ஒளி உணரி இருப்பதால், வழக்கமாக அதன் மேல் ஒளி விழுவதில்லை. புகைத் துகள்கள் உள்ளே வந்ததும் ஒளி அவற்றில் பட்டுச் சிதறி உணரியைத் தொடுகிறது, உடனே அலாரம் ஒலிக்கிறது. மற்றொரு வகையில் அமெரிசியம் 241 என்னும் கதிரியக்கத் தனிமத்தின் மிகச் சிறு துணுக்கு காற்றை அயனியாக்கிக்கொண்டிருக்கும். புகை வந்தால் அந்த மின்னோட்டம் குறையும். (1930களில் சுவிஸ் இயற்பியலாளர் வால்ட்டர் யேகர் நச்சு வாயுவைக் கண்டறியும் கருவி ஒன்றைச் செய்ய முயன்று தோற்று, சோர்ந்துபோய்ச் சிகரெட்டைப் பற்றவைத்தபோது கருவியின் முள் அசைந்ததைக் கண்டார் என்பார்கள், அயனி வகையின் தொடக்கம் அதுதான்.) சட்டென்று கொழுந்துவிட்டு எரியும் தீயை அயனி வகை சற்று விரைவாக உணரும், மெத்தை, சோபா, மின்கம்பி உறை போன்றவை புகைந்து புகைந்து எரிவதை ஒளிவழி வகை முன்னதாக உணரும். எண்ணெய் காயும்போது எழும் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களுக்கெல்லாம் அயனி வகை அலறிவிடும். தாளிக்கும் வீட்டுக்கு ஒளிவழி வகையே ஏற்றது என்பதில் எனக்கு ஐயமில்லை.

கருவி நல்லதாக இருந்தும் முதல் மூன்று வாரங்கள் எங்களுக்குத் துன்பமாகவே கழிந்தன. குறை கருவியிடம் இல்லை, பொருத்திய இடத்தில் இருந்தது. புதுப்பிப்பு வேலைக்கு வந்த குத்தகையாளர், விளக்குகளைப் பொருத்தும்போதே இதையும் பொருத்திக் கொடுத்துவிடுவதாகச் சொல்லி, ஏணி எங்கே நின்றதோ அங்கேயே, அதாவது சாப்பாட்டு மேசைக்கு மேலே, சமையலறை வாசலிலிருந்து இரண்டு எட்டுத் தொலைவில், மின்விசிறியின் இறக்கைக்குப் பக்கத்தில் திருகிவிட்டுப் போய்விட்டார். பெட்டிக்குள் இருந்த கையேடு பிரிக்கப்படவே இல்லை. அதற்காக இருபத்தைந்து வெள்ளி கூலியும் வாங்கிக்கொண்டார். பிறகு அழைத்துச் சொன்னபோது, கூரையில் இருந்தால் போதும், எங்கே இருந்தால் என்ன என்றார். அந்தப் பதில் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

குடிவந்த முதல் வெள்ளிக்கிழமை மாலை மாமியார் தணலில் சாம்பிராணி தூவிக் கூடத்துக்குக் கொண்டுவந்த அரை நிமிடத்தில் வீடே அதிர்ந்தது. தூபக்காலைக் கையில் பிடித்தபடி அவர் அசையாமல் நின்றார். மகள் காதைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் நாற்காலியில் ஏறித் துண்டால் விசிறினேன். ஓய்ந்த பிறகு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “என்னம்மா இது, நம்ம வீட்டுல சாமிகூடக் கும்பிட முடியாதா?” அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. அடுத்த நாள் கருவாடு வறுத்தபோது மீண்டும் ஒலித்தது. மூன்றாம் வாரம் கணவரே ஏணியை எடுத்துவிட்டார், கழற்றி வைப்பதற்காக. வாடகை வீட்டு இழுப்பறை என் நினைவுக்கு வந்தது அப்போதுதான். கழற்றுவதற்குப் பதிலாகக் கையேட்டை வரிக்கு வரி படித்தோம்.

அடுப்பிலிருந்து குறைந்தது மூன்று மீட்டர் தள்ளிப் பொருத்த வேண்டும். மின்விசிறியின் இறக்கை நுனியிலிருந்தும் குளிர்சாதனக் காற்று வரும் வழியிலிருந்தும் ஒரு மீட்டர் அளவு விலக்கு வேண்டும், ஏனெனில் அந்தக் காற்று புகையைக் கருவியை அணுகவிடாமல் தள்ளிவிடும். குளியலறை வாசலுக்கு நேர் எதிரே வைத்தால் வெந்நீர் ஆவியையும் அது புகையாகவே எண்ணும். சுவரில் வைப்பதானால் கூரைக்குக் கீழே முப்பது சென்டிமீட்டருக்குள் வைக்க வேண்டும். இவை எல்லாவற்றையும்விட முதன்மையானது, படுக்கையறைகளுக்கும் வாசலுக்கும் இடையே நாம் வெளியேறும் வழியில் அது இருக்க வேண்டும் என்பது. எங்கள் வீட்டில் அப்படிப்பட்ட இடம் ஒன்றே ஒன்றுதான்: மூன்று படுக்கையறைக் கதவுகளும் பார்த்து நிற்கும் குறுகிய நடை. அளவு நாடாவைப் பிடித்துப் பார்த்தோம். அடுப்பிலிருந்து ஐந்து மீட்டருக்கு மேல் இருந்தது.

இடம் மாற்றும் வேலையை நாங்களே செய்தோம். கான்கிரீட் கூரை என்பதால் சுத்தியல் வகைத் துளைப்பான் வேண்டும். அதைப் பக்கத்து வீட்டாரிடம் இரவல் வாங்கினோம். அடித்தட்டைக் கூரையில் வைத்துப் பென்சிலால் இரண்டு புள்ளிகள் குறித்து, ஆறு மில்லிமீட்டர் துளை போட்டு, பிளாஸ்டிக் பிளக்கைச் செருகித் திருகாணிகளை முடுக்கிய பின், கருவியை அடித்தட்டில் வைத்து வலப்பக்கம் திருப்பினால் ‘டக்’ என்று பூட்டிக்கொள்கிறது. எங்கள் கருவி அடித்தட்டில் அமர்ந்த பிறகே பேட்டரி இயங்கத் தொடங்கும். இது நல்ல ஏற்பாடு, ஏனெனில் பொருத்தினோமா உயிரூட்டினோமா என்ற குழப்பத்துக்கு இடமில்லை. துளையிடும்போது கருவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்திருங்கள். கான்கிரீட் தூசு அந்த இருட்டறைக்குள் போனால் புதுக் கருவியும் முதல் நாளே பொய்யாக ஒலிக்கும். இருபக்கமும் ஒட்டும் நாடா ஒன்றும் பெட்டியில் தந்திருந்தார்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் அது எத்தனை நாள் தாங்கும் என்று எனக்கு நம்பிக்கை வராததால் அதைத் தொடவில்லை.

இடம் மாறியபின் நிலைமை அடியோடு மாறியது. இந்த மூன்றாண்டுகளில் தாளிப்புக்கு அது ஒருமுறைகூட ஒலிக்கவில்லை. அப்பளம் பொரித்தாலும் மீன் வறுத்தாலும் ஒலிக்கவில்லை. ஒருமுறை நான் தொலைபேசியில் பேசிக்கொண்டே பால் பாத்திரத்தை மறந்து அது அடிப்பிடித்துக் கருகியபோது மட்டும் ஒலித்தது. அன்று அது ஒலித்ததற்காக நன்றியோடு இருக்கிறேன், ஏனெனில் சிங்கப்பூரில் வீட்டுத் தீச் சம்பவங்களுக்கு முதன்மைக் காரணம் கவனிப்பாரின்றி விடப்படும் சமையல்தான். சாம்பிராணிக்கும் வழி கண்டோம். கருவியின் நடுவில் உள்ள பொத்தானை ஒருமுறை அழுத்தினால் ஏறத்தாழப் பத்து நிமிடங்களுக்கு அதன் உணர்திறன் குறைகிறது. பிறகு தானாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. அந்த இடைவெளியிலும் அடர்ந்த புகை வந்தால் ஒலிக்கும். மாமியார் இப்போது வெள்ளிக்கிழமை தூபக்காலைத் தொடும் முன் ஒட்டடைக் குச்சியின் கைப்பிடி முனையால் அந்தப் பொத்தானை ஒருமுறை அழுத்திவிட்டு, கூடத்துச் சன்னல்களைத் திறந்துவைத்துவிட்டுத்தான் நெருப்பு மூட்டுகிறார். இந்தப் பொத்தான் இல்லாத கருவியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நம் வீடுகளுக்கு வாங்காதீர்கள். சமையலறைக்கே ஒன்று வேண்டும் என்று எண்ணுபவர்கள் வெப்ப உணரிக் கருவியை வாங்க வேண்டும். அது புகையைப் பொருட்படுத்தாது, கூரையருகே வெப்பம் ஏறத்தாழ 54 முதல் 65 டிகிரி செல்சியசை எட்டும்போதே ஒலிக்கும்.

இனி ஒலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்று மீட்டர் தொலைவில் 85 டெசிபெல் என்று பெட்டியில் எழுதியிருக்கிறது. நடையில் நின்று கேட்டால் காது வலிக்கும். ஆனால் தொலைவு இரட்டிப்பாகும்போது ஆறு டெசிபெல் குறையும். இடையே மூடிய கதவு இருந்தால் இன்னும் குறையும். என் மாமனாருக்கு 78 வயது. குளிர்சாதனம் ஓட, கதவை மூடித் தூங்குபவர். செவிப்பொறியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுத்தான் படுப்பார். ஓர் இரவு பதினொன்றரை மணிக்கு, அவரிடம் முன்கூட்டியே சொல்லாமல், நடையில் இருந்த கருவியின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பிடித்தோம். அடுத்த அறையில் மகள் துள்ளி எழுந்தாள். மாமனாரின் கதவைத் திறந்து பார்த்தேன். போர்வை மேலும் கீழும் சீராக அசைந்துகொண்டிருந்தது, அவர் திரும்பிக்கூடப் படுக்கவில்லை. அந்தக் காட்சியை என்னால் மறக்க முடியவில்லை.

காரணம் ஒலியின் அளவு மட்டுமன்று. இத்தகைய கருவிகள் பெரும்பாலும் 3,000 ஹெர்ட்ஸ் அளவிலான கீச்சொலியை எழுப்புகின்றன. முதுமையில் காது முதலில் இழப்பது இத்தகைய உயர் அதிர்வெண்களையே. 520 ஹெர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த ஒலி செவித்திறன் குறைந்தோரை நன்றாக எழுப்புகிறது என்பதால், அமெரிக்கத் தீ எச்சரிக்கை விதிகள் அவர்களுடைய படுக்கையறைகளுக்கு அந்த ஒலியையே வலியுறுத்துகின்றன. வீட்டுக்கான தாழ்வொலிக் கருவியைத் தேடிப் பல கடைகளில் விசாரித்தேன், எனக்குக் கிடைக்கவில்லை. எனவே ஒன்றோடொன்று கம்பியின்றி இணையும் இரண்டு கருவிகளை வாங்கி, ஒன்றை நடையிலும் மற்றொன்றை மாமனாரின் அறையிலும் பொருத்தினோம். நடையில் புகை என்றால் அவர் தலைக்கு மேலேயும் ஒலிக்கும். முதல் கருவியைக் கூடத்துக்கு மாற்றினோம். இரண்டாவது இரவுச் சோதனையில் அவர் எழுந்து உட்கார்ந்தார். இருந்தாலும் அவரை எழுப்பும் பொறுப்பு கணவருடையது என்பதையும் பேசி வைத்திருக்கிறோம். முதியவர்கள் உள்ள வீட்டில் பகலில் பொத்தானை அழுத்திவிட்டு எல்லாம் சரி என்று இருந்துவிடக் கூடாது. இரவில், கதவு மூடியிருக்கும்போது, அவர்கள் உறங்கும் நிலையில் சோதித்துப் பாருங்கள்.

பராமரிப்பு எளிது, ஆனால் இல்லாமல் முடியாது. மாதத்தின் முதல் ஞாயிறன்று சோதனைப் பொத்தானை அழுத்துகிறோம். பச்சை விளக்கு மின்னுவதை மட்டும் பார்த்து அமைதியடையக் கூடாது. அது மின்சாரம் இருப்பதைச் சொல்லும், ஒலிப்பான் வேலை செய்வதைச் சொல்லாது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஒட்டடை அடிக்கும்போது தூசு உறிஞ்சியின் மென்தூரிகையைக் கருவியின் பக்கவாட்டுத் துளைகளில் சுற்றிவரப் பிடிக்கிறோம். ஈரத்துணி கூடாது, தூய்மைத் திரவம் கூடாது, அதன் மேல் வண்ணம் பூசவே கூடாது.

இரண்டாம் ஆண்டு இப்படித் தூய்மை செய்வதை ஒரு தவணை தள்ளிப்போட்டோம். ஒருநாள் விடியற்காலை மூன்று மணிக்குப் புகையே இல்லாமல் கூடத்துக் கருவி ஒலித்து, பத்து நொடியில் நின்றது. இறக்கிக் கைவிளக்கை அடித்துப் பார்த்தபோது வலைத் துளையின் ஓரத்தில் மெல்லிய சிலந்தி நூலும், அதில் சிக்கிய எள்ளளவுப் பூச்சி ஒன்றும் தெரிந்தன. இருட்டறைக்குள் எது நுழைந்தாலும் ஒளியைச் சிதறடிக்கும். கருவிக்குப் புகை என்றும் பூச்சி என்றும் பிரித்தறியத் தெரியாது. தூசு உறிஞ்சியைப் பிடித்த பிறகு அது மீண்டும் நிகழவில்லை.

நிமிடத்துக்கு ஒருமுறை ‘கீச்’ என்று ஒற்றை ஒலி கேட்டால் அது தீ அன்று, பேட்டரி தீர்வதற்கான அறிவிப்பு. தரவிதியின்படி குறைந்தது 30 நாள்களுக்கு அது தொடரும். இந்த ஒலி பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பிறகே தொடங்கும், ஏனெனில் குளிர்ச்சியில் பேட்டரியின் மின்னழுத்தம் இறங்குகிறது. எங்கள் வகையில் பேட்டரியை மாற்ற முடியாது, கருவியையே மாற்ற வேண்டும். பேட்டரி மாற்றக்கூடிய வகையானாலும் பத்தாண்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, உணரியும் மூப்படைகிறது. மாற்ற வேண்டிய தேதி கருவியின் முதுகில் அச்சாகியிருக்கும்; கூரையில் ஏறிய பிறகு அதைப் படிக்க முடியாது என்பதால், பக்கவாட்டில் கறுப்பு மையால் ‘2031’ என்று எழுதி வைத்தேன்.

குறைகளும் உண்டு. கையேட்டில் ஆங்கிலமும் சீனமும் மட்டுமே இருக்கின்றன. தமிழ் இல்லை, மலாயும் இல்லை. எழுத்து மிகப் பொடியது. இடம் தேர்வு பற்றிய படம் எட்டாம் பக்கத்தில் ஒளிந்திருக்கிறது, அது பெட்டியின் மேலேயே இருந்திருக்க வேண்டும். மாமனாரின் அறையில் உள்ள கருவியின் சிறு விளக்கு இரவெல்லாம் விட்டுவிட்டு மின்னுவதை நிறுத்த வழியில்லை. இணையும் வகை ஒவ்வொன்றும் எண்பது வெள்ளியை ஒட்டி வருகிறது, இது பல குடும்பங்களுக்குச் சுமை. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: இது எரிவாயுக் கசிவை உணராது. வாங்கியவர்களிலேயே சிலர் அப்படி நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரே ஒரு கருவி வாங்கத்தான் முடியும் என்றால், உணர்திறனைத் தற்காலிகமாகக் குறைக்கும் பொத்தான் உள்ள, இ.என். 14604 எண் உள்ள, பத்தாண்டு பேட்டரி கொண்ட ஒளிவழிக் கருவியை வாங்கி, படுக்கையறைகளுக்கு வெளியே உள்ள நடையில் பொருத்துங்கள் என்பதே என் பரிந்துரை. பொருத்துவதற்கு ஆள் அழைத்தால் நீங்கள் குறித்த இடத்தில்தான் அவர் துளையிட வேண்டும். பொருத்திய அன்றே வீட்டார் எல்லோரும் ஒருமுறை வாசல்வரை நடந்து பாருங்கள். எங்கள் இரும்புக் கதவின் பூட்டுச் சாவி கைப்பைக்குள் கிடப்பதை நாங்கள் அப்படித்தான் கண்டுபிடித்தோம். இப்போது அது வாசலருகே ஆணியில் தொங்குகிறது; அதற்குக் கீழே மகள் பெரிய எழுத்தில், தீயணைப்புப் படையை அழைக்கும் எண்ணான 995 என்று எழுதி ஒட்டியிருக்கிறாள். சாப்பாட்டு மேசைக்கு மேலே குத்தகையாளர் போட்ட இரண்டு துளைகளையும் சென்ற தீபாவளிக்கு வண்ணம் பூசியபோது அடைத்துவிட்டோம்.